வளவும் வயலும்: இலுக்கு விடமாட்டேன் என்கிறது!

கேள்வி: வணக்கம் அம்மா. சம்பூரில் எங்கள் காணிக்கு 2016 இல் திரும்பி வந்தோம். 2006 இலிருந்து ஆளில்லாமல் கிடந்த நிலம். முன்பக்கம் வீடு, கிணறு, மிளகாய்ப் பாத்தி எல்லாம் சரி. பின்பக்கம் அரை ஏக்கரும் இடுப்பளவுப் புல். வெட்டுகிறோம், ஆடியில் கொளுத்துகிறோம், போன வருடம் ரொட்டவேட்டரும் அடித்தோம். மழை விழுந்ததும் முந்தியதைவிட அடர்த்தியாக வருகிறது. மாடும் வாய் வைப்பதில்லை. இது இலுக்கா? மருந்து அடிக்கலாமா? (ஒரு வாசகி, சம்பூர்)

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இலுக்குத்தான் மகள். ஆனாலும் அலவாங்கால் ஒரு பிடி கிளப்பிப் பாருங்கள். இலையின் நடு நரம்பு வெள்ளையாக, நடுவில் ஓடாமல் ஒரு பக்கம் ஒதுங்கி ஓடும். விளிம்பைத் தடவினால் கையை அறுக்கும். மண்ணுக்குள் வெள்ளை நிறத்தில், கணுக் கணுவாக, நுனி கூராக ஒரு தண்டு படுத்திருக்கும். மூதூர்ப் பக்கம் நான் விவசாயப் போதனாசிரியையாக இருந்த காலத்தில், அந்த நுனி மரவள்ளிக் கிழங்கைக் குத்தித் துளைத்துக்கொண்டு போயிருப்பதை விவசாயிகள் கொண்டுவந்து காட்டுவார்கள். அது இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

அந்தத் தண்டுதான் உண்மையான இலுக்கு. நீங்கள் வெட்டுவதும் கொளுத்துவதும் அதன் மேல் தலையைத்தான். நெருப்பு மண்ணுக்குள் இறங்காது. நிழல் தந்த செடிகளை எல்லாம் எரித்து இலுக்குக்கு வெயிலைத் திறந்துவிடுவதுடன், அதைப் பூக்கவும் தூண்டிவிடும். வெள்ளைப் பூவில் இருக்கிற விதை கச்சான் காற்றில் ஊரெல்லாம் போகும். ரொட்டவேட்டரோ தண்டைத் துண்டு துண்டாக நறுக்குகிறது. கணு உள்ள துண்டெல்லாம் முளைக்கும். காசு கொடுத்து இலுக்குக்கு நாற்று நட்டுவிட்டீர்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை, ஆனால் நடந்தது அதுதான்.

சரி, இனி என்ன செய்வது? இலுக்குக்குப் பிடிக்காதவை இரண்டு: கடும் வெயிலில் தண்டு வெளியே கிடப்பது, மேலே நிழல் விழுவது. நம்முடைய திருகோணமலைக் காலநிலை இரண்டுக்கும் வசதியானது. ஆனி, ஆடியில் புல்லை ஒட்ட வெட்டி அகற்றுங்கள். பிறகு மண்ணைப் புரட்டிப் போடுகிற கலப்பையால் ஆழமாக உழுது, தண்டுகளை மேலே கொண்டுவாருங்கள். பெரும்பகுதி மேல் முக்கால் அடிக்குள்தான் இருக்கும். உங்கள் பக்கத்து மணலில் இன்னும் கீழேயும் போகலாம். வாரி எடுத்துக் காயவிட்டு, நன்றாகச் சருகான பின் மட்டும் ஒரு மூலையில் எரியுங்கள். பச்சையாகக் குப்பைக் கிடங்கில் போட்டால் கிடங்கே இலுக்காகும். இரண்டு மூன்று கிழமையில் புதுத் தளிர் வரும். மறுபடி உழ வேண்டும். முதல் உழவோடு கையைக் கழுவுகிறவர்கள்தான் அதிகம். அவர்களை இலுக்கு ஜெயித்துவிடும். இன்னொன்று: உழும்போது சந்தேகமான இரும்புப் பொருள் ஏதும் தட்டுப்பட்டால் தொடாதீர்கள், உடனே பொலிசுக்குச் சொல்லுங்கள்.

ஐப்பசி மழை தொடங்கியதும் நிலத்தைச் சும்மா விடக்கூடாது. கௌபியை நெருக்கமாக விதைக்கலாம். சுணை இல்லாத பூனைக்காலி கிடைத்தால் இன்னும் நல்லது, கொடி படர்ந்து இருட்டாக்கிவிடும். சுணை உள்ள காட்டுப் பூனைக்காலியைத் தெரியாமல் விதைத்துவிட்டு எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்! எல்லைகளிலும் நடுவில் வரிசையாகவும் கிளிசிறிடியாத் தடிகளை அந்த மழையிலேயே ஊன்றுங்கள். அதன் நிழல் நின்று பிடிக்கும். இலை ஆட்டுக்கும் ஆகும், மிளகாய்ப் பாத்திக்குப் பசளையும் ஆகும். என்னைக் கேட்டால், அரை ஏக்கரில் கடைசியாக இலுக்கை அடக்கப் போவது அந்த மரம்தான்.

உழவுக்கு இப்போது கையில் காசு இல்லையென்றால் வெட்டாதீர்கள், சாய்த்துவிடுங்கள். கனமான தென்னங்குற்றியை இரண்டு பேர் கயிறு கட்டி இழுத்துப் புல்லின் மேல் உருட்டலாம். வெட்டினால் உடனே தளிர்க்கும். அடியில் மடிந்த புல் மெதுவாகச் சாகும், மேலே விழுந்து கீழே வருவதையும் மூடும். தென்கிழக்கு ஆசிய நாடுகளில் இது பழகிய முறை.

மருந்துக் கதை: கிளைபோசேட் என்ற களைகொல்லியின் இறக்குமதியை 2015 இல் தடைசெய்தார்கள், 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தினார்கள். விதி மாறிக்கொண்டே இருக்கிறது. அடிக்கத்தான் வேண்டுமென்றால் கமநல சேவை நிலையத்தில் இன்று எது அனுமதி என்று கேட்டுவிட்டு அடியுங்கள். வளர்ந்து முற்றிய புல்லில் அடிப்பது வீண். வெட்டிய பின் துளிர்த்து வரும் இளம் இலையில் அடித்தால்தான் தண்டு வரை இறங்கும். கிணற்றடியில் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: உப்புக் கொட்டினால் இலுக்குச் சாகுமாமே? (ஒரு வாசகர், கிண்ணியா)

பதில்: அதற்கு முன் உங்கள் கத்தரி சாகும் தம்பி. உப்புப் பட்ட நிலத்தைத் திருத்துவது இலுக்கை அழிப்பதைவிடக் கஷ்டம்.

கேள்வி: தம்பலகாமத்தில் வாய்க்கால் கரை முழுக்க ஆளை மறைக்கும் புல். இதுவும் இலுக்கா? (ஒரு விவசாயி)

பதில்: இல்லை, அது கினிப் புல். ஆபிரிக்காவிலிருந்து மாட்டுத் தீனிக்காக வந்து, தீனியைத் தாண்டிப் போய்விட்டது. இலுக்குப் போலப் படராது, பற்றை பற்றையாக நிற்கும். பூங்கொத்து விரிந்து தளர்வாக இருக்கும்; இலுக்குடையது வெள்ளையாக, உருளையாக, மெத்தென்று இருக்கும். இதை மாடு விரும்பித் தின்னும், ஆகவே பூக்குமுன் வெட்டி மாட்டுக்குப் போடுங்கள். கோடையில் வேலியோரம் காயவிட்டால் ஒரு பீடித் துண்டு போதும். பற்றையை வேரோடு மண்வெட்டியால் கிளப்பினால் ஒழியும்.

கேள்வி: நிலாவெளியில் விடுதி ஒன்றுக்குக் குடில் வேய இலுக்கு கேட்கிறார்கள். வெட்டி விற்கலாமா? (ஒரு வாசகர், இறக்கக்கண்டி)

பதில்: தாராளமாக. கூரைக்கு நல்ல புல். பூ வெளிவருமுன் வெட்டுங்கள். வெள்ளைப் பூவோடு கட்டி லாண்ட்மாஸ்டரில் ஏற்றினால் போகிற வழியெல்லாம் விதை கொட்டும். காணிக்காரரிடம் கேட்டுவிட்டு வெட்டுங்கள். சம்பூர் வாசகியின் பின்வளவில் அரை ஏக்கர் நிற்கிறது, விலை பேசிப் பாருங்கள்.