பழைய ஸ்பீட் போட்டுல டீசல் என்ஜின் இறக்கலாமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் அண்ணே. நானும் என் மச்சானும் சேந்து ஒரு பழைய ஸ்பீட் போட் வாங்கிருக்கோம். 28 அடி, ஃபைபர் பாடி, அடிப்பக்கம் நல்லா கூரா வி மாதிரி இருக்கு, உள்ள ரெண்டு பெட்ரோல் வி8 என்ஜின், ரெண்டும் ஓடி பல வருஷம் ஆச்சு. முன்னாடி இருக்குற கேபினை எடுத்துட்டு, நடுவுல ஸ்டியரிங் வெச்சு சுத்தி நடக்குற மாதிரி சென்டர் கன்சோலா மாத்தி, தூண்டில் போடுறவங்களையும் டைவிங் போறவங்களையும் கூட்டிட்டுப் போலாம்னு நினைக்கிறோம். தேங்காய்த்திட்டு ஹார்பர்ல ஒருத்தர், பழைய லாரி டீசல் என்ஜின் ஒண்ணு கம்மி விலைக்கு இருக்கு, அதையே இறக்கிடலாம்ங்கறார். செய்யலாமா?
– வாசகர், வீராம்பட்டினம்

பதில்: தம்பி, போட்டை வெச்சுக்கோங்க, லாரி என்ஜினை விட்ருங்க.

உங்க போட்டோட அடி சாதாரண அடி இல்ல. அமெரிக்காவுல ரே ஹன்ட்டுன்னு ஒரு டிசைனர் வரைஞ்ச டீப் வி அது. 1960ல மயாமில இருந்து பஹாமாஸ் தீவுல இருக்குற நசாவு ஊருக்கு நடந்த போட் ரேஸ்ல டிக் பெர்ட்ராம் அந்த அடி வெச்ச மாப்பிங்கற போட்டை மோசமான கடல்ல ஓட்டி ஜெயிச்சாரு, அதுக்கப்புறம்தான் உலகம் முழுக்க அந்த அடியைப் பாத்து கட்ட ஆரம்பிச்சாங்க. அலையை அறைஞ்சு ஏறாம வெட்டிக்கிட்டுப் போகும், நம்ம முகத்துவாரத்துல மணல் மேடு தட்டி அலை உடையுற நாள்ல இதோட அருமை தெரியும். ஆனா இந்த அடி வேகம் எடுத்து தண்ணிக்கு மேல ஏறி ஓடுனாதான் சரியா வேலை செய்யும், பிளேன் ஆகுறதுன்னு சொல்வாங்க. ஏறலைன்னா 28 அடி போட்டுக்கு 7 நாட்தான் (ஒரு நாட்னா மணிக்கு 1.85 கி.மீ.) இயல்பான வேகம், அதுக்கு மேல த்ராட்டிலைத் தள்ளுனா அணியம், அதாவது போட்டோட முன்பக்கம், வானத்தைப் பாக்கும், புகை வரும், டீசல் போகும், போட் போகாது.

லாஞ்சுல, அதாவது மடி வலை இழுக்குற விசைப்படகுல, லாரி என்ஜின் நல்லா ஓடுதேன்னு கேப்பீங்க. லாஞ்சுக்கு 8 நாட் போதும், மடி இழுக்குற இழுவைதான் வேணும், எடை அங்க ஒரு பிரச்சனையே இல்ல. இங்க எடைதான் எல்லாம். ஆள், டீசல், ஐஸ் பெட்டி எல்லாம் சேத்து போட் 3.5 டன் வருதுன்னு வைங்க, 200 ஹெச்.பி. இருந்தா கணக்குப்படி 24 நாட் பக்கம் ஓடும். லாரி என்ஜின் 110 ஹெச்.பி.ன்னு வைங்க, கியர்பாக்ஸோட எடையும் கூடிப்போயி 3.8 டன் ஆனா காகிதத்துல 17 நாட் வரும், கடல்ல அது ஏறலாமா வேணாமான்னு திணறுற இடம், நாலு ஆள் பின்னாடி வந்து நின்னா உக்காந்துரும். இப்ப இருக்குற ரெண்டு வி8ம் ட்ரைவோட (என்ஜின் சக்தியை ப்ரொப்பெல்லருக்குக் கொண்டு போற பாகம்) சேத்து 800 கிலோவுக்கு மேல, அதை எடுத்துட்டு 200 ஹெச்.பி. தாண்டுன மரைன் டீசல் ஒண்ணு ட்ரைவோட 650 கிலோ பக்கத்துல வெச்சா எடையும் குறையும், முழு வேகத்துலயே மணிக்கு 45 லிட்டர் பக்கத்துல நிக்கும். அந்த ரெண்டு பெட்ரோலும் சேந்து முழு வேகத்துல 150 லிட்டருக்கு மேல குடிக்கும். டீசலுக்கு மாத்தணும்னு நீங்க நினைச்சது சரிதான், எந்த டீசல்ங்கறதுதான் கேள்வி.

ஆனா என்ஜினுக்கு அட்வான்ஸ் கொடுக்குறதுக்கு முன்னாடி ட்ரான்சமைப் பாருங்க. போட்டோட பின்பக்கத்துச் சுவர், ட்ரைவ் மாட்டுற இடம். வெளிய ஃபைபர் மாதிரி தெரிஞ்சாலும் அந்தக் காலத்து போட்டுல பெரும்பாலும் உள்ள ப்ளைவுட் வெச்சு ரெண்டு பக்கமும் ஃபைபர் போட்டு மூடிருப்பாங்க, போல்ட் ஓட்டை வழியா தண்ணி இறங்கி இறங்கி பலகை மக்கிப்போயிருக்கும், பெயின்ட் மட்டும் பளபளன்னு இருக்கும். சுத்தியலோட மரப்பிடியால தட்டிக்கிட்டே வாங்க, நல்ல இடம் டக் டக்னு கெட்டியா கேக்கும், மக்குன இடம் பொத்துனு கேக்கும். சந்தேகமா இருந்தா உள்பக்கத்துல இருந்து, வெளி ஃபைபர் வரைக்கும் போகாம, கீழ்ப்பக்கமா 5 மி.மீ. பிட்டால ஒரு ஓட்டை போட்டு வர்ற துகளை உள்ளங்கைல எடுத்துப் பாருங்க. வெளிர் நிறமா உலர்ந்து உதிர்ந்தா பலகை நல்லாருக்கு. காப்பித்தூள் கலர்ல ஈரமா பிட்டோட ஒட்டிக்கிட்டு புளிச்ச வாடை வந்தா மொத்தத்தையும் எடுத்துட்டு ஐ.எஸ். 710 மரைன் ப்ளைவுட் வெச்சு புதுசா கட்டணும். நம்மூர் ஃபைபர் போட் கட்டுறவங்க பாலியெஸ்டர் ரெசின்ல பழகுனவங்க, புது போட்டுக்கு அது போதும், காஞ்ச பழைய ஃபைபர் மேல பிடிக்கணும்னா எபாக்ஸிதான், அதுல கஞ்சத்தனம் பண்ணாதீங்க. போட்டோட அடில நீளவாக்குல ஓடுற, என்ஜின் உக்கார்ற ஸ்ட்ரிங்கர் கட்டைகளையும் இதே மாதிரி தட்டிப் பாருங்க.

கேபினை அறுக்குறதுலயும் அவசரம் வேணாம். அந்த மேல்தளம்தான் ரெண்டு பக்கத்தையும் விரியாம பிடிச்சுக்கிட்டு இருக்கு. போட்டை நாலு இடத்துல சரியா தாங்கல் கொடுத்து நிறுத்தி, குறுக்குத் தடுப்பையும் புதுத் தளத்தையும் உள்ள ஒட்டி முடிச்சுட்டு அப்புறம் மேல அறுங்க. தளம் நீர்மட்டத்துக்கு மேல இருக்கணும், அப்பதான் உள்ள விழுந்த அலை தானா வெளிய போகும்.

பழைய ட்ரைவையே டீசலுக்குப் போட்டு காசு மிச்சம் பண்ணலாமான்னு மெக்கானிக் கேப்பாரு, வேணாம். பெட்ரோல் என்ஜின் சுத்துற வேகம் வேற, டீசலோட டார்க் வேற, கியர் விகிதம் ஒத்து வராது, பல்லு போயிரும். என்ஜினையும் ட்ரைவையும் ஒரே செட்டா வாங்குங்க. டீசல் நிறைய காத்து கேக்கும், 200 ஹெச்.பி.க்கு 20 செ.மீ.க்கு 20 செ.மீ. அளவுக்காவது தடையில்லாத வழி வேணும், அழகா இருக்கணும்னு பெட்டியை மூடி அடைச்சீங்கன்னா கரும்புகைதான். எக்ஸாஸ்ட் பைப்பும் பழைய சைஸ் பத்தாது.

இன்னொண்ணு, காசு வாங்கி ஆள் ஏத்துறதுன்னா மீன்பிடி போட்டுன்னு பதிவு பண்ணது செல்லாது. புதுச்சேரி துறைமுகத் துறைல முதல்லயே கேட்டு என்ன மாதிரி போட்டுன்னு முடிவு பண்ணிட்டு வேலையைத் தொடங்குங்க.

கேள்வி: அண்ணே, எங்க வீட்டுக்காரரும் இதே மாதிரி ஒரு போட்டை டீசலுக்கு மாத்துறார். பழைய பெட்ரோல் டேங்க்கையே கழுவிட்டு டீசல் ஊத்திக்கலாம்ங்கறார். உள்ள இன்னும் பெட்ரோல் வாடை அடிக்குது. எனக்கு பயமா இருக்கு.
– வாசகி, தேவனாம்பட்டினம்

பதில்: தங்கச்சி, நீங்க பயப்படுறது நியாயம்தான். பெட்ரோல் ஆவி காத்தை விட கனம், வெளிய போகாம போட்டோட அடிலயே தங்கும், மைனஸ் 40 டிகிரிலயே பத்திக்கிற சரக்கு அது, ஒரு பேட்டரி ஸ்விட்ச் பொறி போதும். டீசல் அதை விட ரொம்ப சூடானாதான் பத்திக்கிற அளவுக்கு ஆவி விடும், அதனாலதான் கடலுக்கு டீசலைக் கேக்குறோம். வாடை போற வரைக்கும் உள்ள கிரைண்டர், வெல்டிங், பீடி எதுவும் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிருங்க.

டேங்க் ஃபைபர்ல இருந்தா இன்னும் கவனம். இப்ப பங்க்ல வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால், அது பழைய ஃபைபர் டேங்க்கோட ரெசினை இளக்கிரும், தண்ணியையும் இழுத்து அடில சேத்துக்கும், அப்படி இளகுன டேங்க்ல டீசல் ஊத்துனா அந்தக் கசடெல்லாம் இன்ஜெக்டருக்குத்தான் போகும். அதோட, டீசல் என்ஜின்ல மிச்சமாகுற டீசல் திரும்ப டேங்க்குக்கு வரணும், அதுக்கு தனி ரிட்டர்ன் லைன் வேணும், பெட்ரோல் டேங்க்ல பெரும்பாலும் அது இருக்காது. புது டேங்க் போடச் சொல்லுங்க, துத்தநாகம் பூசுன ஜி.ஐ. தகடுல வேணாம், துத்தநாகம் டீசலோட சேராது. தண்ணி பிரிக்கிற ஃபில்டர் ஒண்ணு கட்டாயம்.

கேள்வி: மீன்பிடித் தடைக்காலத்துல போட் வேலையை முடிச்சிரலாமா?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள், அந்த நேரத்துல லாஞ்சுங்க எல்லாமே கரையேறி நிக்கும், ஆளும் கிரேனும் கிடைக்காது. ட்ரான்சம், தளம் ரெண்டும் சேந்த வேலைன்னா அதுக்குள்ள முடியுறதும் கஷ்டம். பிப்ரவரிலயே தொடங்குங்க, மழை இருக்காது. வேலை மே வரைக்கும் இழுத்துச்சுன்னா, அந்த வெயில்ல ரெசின் கலக்குன கொஞ்ச நேரத்துலயே டப்பாலயே இறுகிரும், மெதுவா இறுக வைக்கிற ஸ்லோ ஹார்ட்னர் வாங்கி, விடியக்காலைல சின்னச் சின்னதா கலந்து போடுங்க. ஐப்பசி மழைல மட்டும் தொடவே தொடாதீங்க, ஈரப் பலகை மேல ரெசின் பிடிக்காது.