நரகத்துக்கு டிக்கெட் எடுக்கலாமா?

கேள்வி: மாமியார், இரண்டு பிள்ளைகளோடு சிங்கப்பூர் போகிறோம். ஹா பார் வில்லா என்ற சீனப் புராணச் சிலைப் பூங்காவை அவசியம் பார்க்கச் சொல்கிறார்கள். படங்களைப் பார்த்தேன். குடலை உருவுகிறார்கள், உடலை ரம்பத்தால் அறுக்கிறார்கள். இந்த அருவருப்பெல்லாம் ஒரு கலையா?
– வாசகி, திருச்சி

பதில்: ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிலைகள் உள்ள இடத்தில் நரகம் மட்டும் உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது! மற்ற பக்கமெல்லாம் சாவே இல்லாத எட்டு அமரர்கள் கடல் கடக்கிறார்கள், வெள்ளைப் பாம்பு பெண்ணாகிக் காதலிக்கிறது, குரங்கு வீரன் சுன் வூகோங் அரக்கர்களோடு மல்லுக்கு நிற்கிறான். அந்தக் குரங்கு காவலாகப் போகும் துறவி யார் தெரியுமா? காஞ்சிபுரம் வந்ததாகப் பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதே யுவான் சுவாங்தான். கதைக்காரர்கள் கையில் சிக்கிப் புராணப் பாத்திரமாகிவிட்டார்.

சரி, நரகத்துக்கு வருவோம். தண்டனையைப் பார்த்தீர்கள், குற்றத்தைப் படித்தீர்களா? குடல் உருவப்படுபவர் பரீட்சையில் காப்பியடித்தவர். ரம்பத்துக்கு அடியில் கிடப்பவர் சோற்றை வீணாக்கியவர். வரி ஏய்த்தவரைக் கல் உலக்கையால் இடிக்கிறார்கள். கந்துவட்டிக்காரருக்குக் கத்தி மலை. சீனாவிலிருந்து சிங்கப்பூருக்குப் பிழைக்க வந்த ஜனங்களின் கவலைகளும் கோபங்களும் அப்படியே அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இந்த நரகத்தில் பாவங்களை விசாரிக்கப் பத்து நீதிமன்றங்கள். அவற்றில் ஒன்றுக்குத் தலைவர் யான்லுவோ. வேறு யாருமல்ல, பௌத்தத்தோடு சீனா போன நம்ம எமதர்மன். கும்பிபாகம், எண்ணெய்க் கொப்பரை என்று கருட புராணத்தை வீட்டில் படித்தால் பக்தி, அதையே சீனர் சிமெண்டில் செய்து வைத்தால் அருவருப்பா?

சிற்ப நயம் தேடிப் போனால் ஏமாறுவீர்கள் என்பது வாஸ்தவம். பளீர் வண்ணம், முரட்டு வேலை. நண்டு உடம்பில் மனிதத் தலை. சீனப் புராணத்துக்குச் சம்பந்தமே இல்லாத சுதந்திர தேவியும் சுமோ மல்லர்களும் வேறு. கட்டியவர் டைகர் பாம் தைலத்தின் முதலாளி ஆவ் பூன் ஹா. புலித்தலை பொருத்திய காரில் ஊரைச் சுற்றிய மனிதரிடம் அடக்கத்தை எதிர்பார்க்கலாமா? 1937-ல் தம்பிக்காகக் கட்டிய மாளிகையின் தோட்டம் அது. போருக்குப் பின் மாளிகையை இடித்துவிட்டார், தோட்டத்தை விடவில்லை. தைலத்துக்கு விளம்பரம், ஜனங்களுக்கு நீதிபோதனை, இரண்டும் ஒரே செலவில்!

1990-ல் இதை நவீன கேளிக்கைப் பூங்காவாக்கி, நுழைவுக் கட்டணம் போட்டு, நரகத்துக்குள் படகு விட்டார்கள். எடுபடவில்லை. பழையபடி இலவசமாக்க வேண்டியதாயிற்று. ஹாங்காங்கில் அவர் அமைத்த இன்னொரு தோட்டத்தை 2004-ல் இடித்தே விட்டார்கள். அதனால் இருப்பதைப் போய்ப் பார்ப்பது நல்லது.

பத்து நீதிமன்றங்கள் இப்போது நரக அருங்காட்சியகத்துக்குள் இருக்கின்றன. அதற்கு மட்டும் டிக்கெட். சின்னப் பிள்ளை என்றால் அங்கே வேண்டாம், வெளியே குரங்கைக் காட்டுங்கள். சர்க்கிள் லைன் ரயிலில் ஹா பார் வில்லா என்றே நிலையம் இருக்கிறது. வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள்.

பல் போன மாமியாருக்கு மருமகள் தாய்ப்பால் ஊட்டும் சிலை ஒன்றும் அங்கே உண்டு. உங்கள் மாமியார் அதன் முன்னால் நின்று அர்த்தம் கேட்டால், பதில் சொல்லும் பொறுப்பை அவர் மகனிடம் விட்டுவிடுங்கள்.