வளரும் பிள்ளைக்குக் காலிப்பரை ஏன் அடிக்கடி மாற்றச் சொல்கிறார்கள்?

வலுவிழந்த காலைத் தாங்குவதற்காகக் கட்டிக்கொள்ளும் கம்பியும் தோல்பட்டையும் சேர்ந்த கருவிதான் காலிப்பர். முன்பு காலை முடக்கும் போலியோவால்தான் பலருக்கு இது தேவைப்பட்டது. இந்தியாவில் 2011க்குப் பிறகு காட்டு வகைப் போலியோ, அதாவது இயற்கையாகப் பரவும் போலியோ, இல்லை. ஆனாலும் மூளை முடக்குவாதம் (மூளை பாதிப்பால் கைகால் இயக்கம் குறைவது) போன்ற காரணங்களால் பிள்ளைகளுக்கு இன்றும் இது தேவைப்படுகிறது.

காலிப்பரின் கீல், அதாவது அது மடங்கும் இடம், முழங்காலுக்கு நேராக இருக்க வேண்டும். எலும்பு நீள நீள, முழங்கால் மேலே போய்விடும். கீல் கீழேயே நிற்கும். அப்போது நடை கோணும், பட்டை உரசித் தொடை சிவந்து புண்ணாகும். சோழவந்தான் கொடிக்காலில் வெற்றிலைக்கொடி ஏற ஏறப் புதுக்கட்டுப் போடுகிறார்களே, அதைப் போலத்தான் இதுவும்.

உசிலம்பட்டிப் பக்கத்துக் கரிசலில் மழைக்காலத்தில் நடக்கும் பிள்ளைக்கு இன்னும் கவனம் வேண்டும். ஈரமண் காலணியில் அப்பிக் கனக்கும், கம்பி துருப்பிடிக்கும். அன்றன்றைக்கே துடைத்து உலர்த்துங்கள். “ஒரு வருஷம் ஓடட்டும்” என்று பழையதையே இழுக்காதீர்கள், வலி பிள்ளைக்குத்தான். புதியதற்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். பள்ளிப் பிள்ளை என்றால் பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் கேளுங்கள்.

காலிப்பர் போட்டால் கால் மேலும் சூம்பும் என்று பலர் அஞ்சுகிறார்கள். சூம்புவதற்குக் காரணம் நோயின் பாதிப்பு, காலிப்பர் அல்ல. போடாமல் விட்டால்தான் முழங்கால் மடங்கியபடியே இறுகிவிடக்கூடும்.