சிதறால் மலைக்கு அம்மாவை அழைத்துப் போகலாமா?

ஆற்றங்கரையில் இடிந்து கிடக்கும் புத்தர் கோயில் என்று கேள்விப்பட்டதாகவும், மூட்டு வலியுள்ள அம்மாவால் ஏற முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். அது புத்தர் கோயில் அன்று, சமணத் துறவிகள் தங்கி வழிபட்ட பள்ளி. திருச்சாரணத்து மலை என்பது பழைய பெயர். ஆறு கீழே தள்ளி ஓடுகிறது. உச்சியில் நின்றால் தென்னந்தோப்புகளுக்கு நடுவே தெரியும்.

அம்மாவைத் தாராளமாக அழைத்து வாருங்கள். குமரி மாவட்டத்து மார்த்தாண்டத்திலிருந்து சுமார் 7 கிலோமீட்டர்தான். அடிவாரத்திலிருந்து கல் பாவிய சரிவுப் பாதை; உட்கார்ந்து உட்கார்ந்து ஏறலாம். மேலே பாறை இடுக்கைத் தாண்டி இறங்கும் படிகளில் மட்டும் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பாறை சூடேறுமுன், காலையிலேயே வந்துவிடுங்கள்.

சிற்பங்களைத் தொலைவில் நின்று படமெடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள், மனம் கேட்காமல் சொல்கிறேன். பக்கத்தில் போய்ப் பாருங்கள். வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், அதாவது சமணர் வணங்கும் ஞானிகள்; தலைக்கு மேல் முக்குடை என்னும் மூன்றடுக்குக் குடை. அவர்களில் ஒருவரான பார்சுவநாதருக்குப் பாம்பு படமெடுத்துக் குடை பிடிக்கிறது. சில உருவங்களுக்குக் கீழே வட்டெழுத்து என்னும் பழைய எழுத்தில், அவற்றைச் செய்வித்தவர்களின் பெயர்கள். இப்பகுதியை ஆண்ட ஆய் மரபின் மன்னன் விக்கிரமாதித்திய வரகுணன் காலக் கல்வெட்டும் இங்கே உண்டு, 9ஆம் நூற்றாண்டு. பின்னாளில் பகவதி கோயிலான கருவறையும் அங்கேயே இருக்கிறது.

தண்ணீர் கையோடு கொண்டு வாருங்கள்.