ஹாட்ஸ்பாட்டில் சிக்னல் இருந்தும் இணையம் வராதபோது
சோதித்துப் பார்க்க வாங்கிய ப்ரீபெய்டு ஹாட்ஸ்பாட்டில் (சிம் போட்டு வைஃபை தரும் சிறு கருவியில்) சிக்னல் முழுதாகத் தெரிந்தும், வைஃபை இணைந்தும், எந்தப் பக்கமும் திறக்கவில்லை என்றால், அதைத் திருப்பிக் கொடுக்கும் முன் ஏபிஎன் (APN) அமைப்பைத், அதாவது சிம் நிறுவனத்தின் இணையத்தோடு கருவி இணையப் பயன்படுத்தும் பெயரைத், திருத்துங்கள். எந்த சிம்மையும் ஏற்கும் கருவிகளில் முந்தைய சிம்முக்குரிய ஏபிஎன் அப்படியே தங்கிவிடுவதுண்டு. ஜியோ சிம்முக்கு அது ‘ஜியோநெட்’ (jionet) என்று, ஆங்கிலச் சிற்றெழுத்தில் இடைவெளியின்றி இருக்க வேண்டும்.

திருத்தியும் பயனில்லையெனில், அதே சிம்மைக் கைபேசியில் போட்டு, வீட்டு வைஃபையை அணைத்துவிட்டுப் பாருங்கள். அங்கும் திறக்காவிட்டால் குறை கருவியில் இல்லை. முதலில் ரீசார்ஜ் திட்டத்தில் தேடுங்கள். நாளுக்கு 1.5 ஜிபி தரும் திட்டங்களில் அந்த அளவு தீர்ந்ததும் வேகம் பெரும்பாலும், பக்கங்கள் திறக்கவே திணறும் 64 கேபிபிஎஸ்ஸாகச் சுருங்கிவிடும். மடிக்கணினியின் ஒரு புதுப்பிப்பே அன்றைய அளவை விழுங்கக்கூடும்.

ரீசெட் பொத்தானை மட்டும் அவசரப்பட்டு அழுத்தாதீர்கள். நீங்கள் வைத்த வைஃபை கடவுச்சொல்லும் ஏபிஎன்னும் சேர்ந்தே அழிந்துவிடும்.