புறநகருக்குக் குடிபோகிறோம்: எந்த இடம் பிள்ளைகளுக்கு ஏற்றது?

கேள்வி: நகரின் நடுவில், இரண்டு படுக்கையறை உள்ள அடுக்குமாடி வீட்டில் ஐந்து பேர் இருக்கிறோம். மகனுக்கு 7 வயது, மகளுக்கு 3. மாமியாருக்கு 68, முழங்கால் வலி, வண்டி ஓட்டத் தெரியாது. கணவருக்கு வாரத்தில் ஐந்து நாளும் நகரத்தில் அலுவலகம். நான் வீட்டிலிருந்தே பாதி நேர வேலை பார்க்கிறேன். புறநகரில் மூன்று இடங்களைப் பார்த்து வைத்திருக்கிறோம். முதலாவது, புதிதாக உருவாகும் குடியிருப்பில் தோட்டத்தோடு பெரிய தனி வீடு. அலுவலகத்துக்கு ஒன்றரை மணி நேரம். இரண்டாவது, நெடுஞ்சாலையை ஒட்டிய அடுக்குமாடி வளாகம். உள்ளேயே விளையாட்டுத் திடல், நீச்சல் குளம். ஒரு மணி நேரம். மூன்றாவது, பழைய புறநகரில் ஒரு சின்ன வீடு. பள்ளியும் ரயில் நிலையமும் நடக்கும் தூரம், அலுவலகத்துக்கு முக்கால் மணி நேரம். ஆனால் வீட்டுக்குப் பின்னால் ஓர் ஓடை போகிறது. கணவருக்கு முதல் வீட்டின் மேல்தான் கண். மகனோ நண்பர்களை விட்டு எங்கேயும் வர மாட்டேன் என்கிறான். எதை எடுப்பது?

பதில்: குடும்பத்துக்கு ஏற்ற இடம் எது என்று யார் கேட்டாலும் நான் முதலில் ஒன்றைத் திருப்பிக் கேட்பேன். உங்கள் வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரும், யாரும் வண்டியில் கூட்டிப் போகாமல், தானாக எங்கெல்லாம் போய்வர முடியும்? குடியிருப்புத் திட்டமிடலில் பல வருடம் வேலை பார்த்த பிறகு, வேறு எந்தக் கேள்வியையும் இதற்கு மேல் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் மூன்று இடங்களையும் இதில் வைத்துப் பாருங்கள். முதல் வீட்டில் மாமியாருக்கு ஒரு மாத்திரை வேண்டும் என்றாலும் யாராவது வண்டியை எடுக்க வேண்டும். பகலில் வீட்டில் இருப்பது நீங்கள் ஒருவர்தான். அந்த ‘யாராவது’ நீங்கள்தான். இரண்டாவதில் மதிலுக்குள் பிள்ளைகள் ஓடியாடலாம், ஆனால் மதிலைத் தாண்டினால் நெடுஞ்சாலை. மூன்றாவதில் மாமியார் மெதுவாக நடந்து கடைக்குப் போய்விட்டு வருவார். மகன் இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் தனியாகப் பள்ளிக்கு நடப்பான்.

பிள்ளைகளின் இன்றைய வயதை மட்டும் பார்த்து இடம் தேடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. நாங்களும் அப்படித்தான் செய்தோம். என் மகளுக்கு 5 வயதானபோது, தோட்டத்துக்கு ஆசைப்பட்டு ஊருக்கு வெகு வெளியே ஒரு வீட்டுக்குப் போனோம். ஐந்து வருடம் அருமையாக இருந்தது. அவளுக்கு 13 வயதானதும் தோட்டம் போதவில்லை. தோழி வீடு, நூலகம், நீச்சல் பயிற்சி என்று எதற்குப் போனாலும் நான் அல்லது என் மனைவி காரை எடுக்க வேண்டும். பேருந்து ஒன்றரை மணி நேரத்துக்கு ஒன்றுதான். ஒரு மாலை வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவள் போனில் தோழியிடம், “இல்லை, நான் வரவில்லை, அப்பா களைத்துப் போயிருக்கிறார்” என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னிடம் அவள் கேட்கவே இல்லை. அந்த வாரமே நாங்கள் வேறு இடம் தேடத் தொடங்கினோம். உங்கள் மகனுக்கு அந்த வயது வர இன்னும் ஆறே வருடம்தான்.

சரி, உங்கள் கணவர் ஆசைப்படும் பெரிய வீட்டுக்கு வருவோம். அவர் ஆசையில் நியாயம் இருக்கிறது. ஐந்து பேர் இரண்டு அறையில் நெருக்கிக்கொண்டு இருக்கும்போது இடவசதி வேண்டும் என்றுதான் தோன்றும். ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மூன்றாவது வீட்டோடு ஒப்பிட்டால் ஒரு வழிக்கு 45 நிமிடம் கூடுதல். போக வர ஒன்றரை மணி. வருடத்துக்கு 220 வேலை நாள் என்று வைத்தால் 330 மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாளாகப் பார்த்தால் 41 நாள் சாலையிலேயே போகிறது. செசாரே மார்க்கெட்டி என்ற இத்தாலிய இயற்பியலாளர் 1994-இல் எழுதிய கட்டுரை ஒன்று நகரமைப்புத் துறையில் இன்றும் பேசப்படுகிறது. காலமும் வாகனமும் மாறினாலும் மனிதர்கள் நாளுக்குச் சராசரியாக ஒரு மணி நேரத்தைத்தான் பயணத்துக்குச் செலவிடுகிறார்கள் என்றார் அவர். உங்கள் கணவர் அதைப்போல் மூன்று மடங்குக்கு ஒத்துக்கொள்ளப் போகிறார். மாலை ஆறு மணிக்குக் கிளம்பினால் ஏழரைக்கு வாசலில் இருப்பார். மூன்று வயதுக் குழந்தை அப்போது கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்கும்.

வீட்டு விலையில் மிச்சமாகும் பணத்தையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். தூரத்து வீட்டுக்கு இரண்டாவது வண்டி கட்டாயமாகிவிடும். அதன் மாதத் தவணை, எரிபொருள், காப்பீடு, பழுது எல்லாவற்றையும் கூட்டி, வீட்டுக் கடன் தவணையோடு சேர்த்து ஒரே எண்ணாக எழுதுங்கள். பக்கத்தில் மூன்றாவது வீட்டுக்கும் அதேபோல் எழுதுங்கள். இரண்டுக்கும் நீங்கள் நினைத்த அளவு வித்தியாசம் இருக்காது.

புதுக் குடியிருப்பு என்றால் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. விற்பனை வரைபடத்தில் பள்ளி இருக்கும், பூங்கா இருக்கும், வரப்போகும் ரயில் பாதையும் புள்ளிக்கோடாக இருக்கும். இன்றைக்குக் கதவு திறந்து இயங்குவதை மட்டும் கணக்கில் எடுங்கள். நான்கு வருடத்தில் பள்ளி வரும் என்றால், அந்த நான்கு வருடம்தான் உங்கள் மகனின் தொடக்கப் பள்ளிக் காலம். ஜன்னலுக்கு எதிரே தெரியும் பச்சை வெளி யாருடையது, எதற்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதை உள்ளாட்சி அலுவலகத்தில் நில உபயோக வரைபடத்தைக் கேட்டு நீங்களே பாருங்கள்.

இரண்டாவது இடம் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. காரணம் அந்த நெடுஞ்சாலை. வாகனப் புகை பெரிய சாலையை ஒட்டிய முதல் சில நூறு மீட்டரில்தான் அடர்த்தியாக இருக்கும். நீச்சல் குளமும் திடலும் அதற்குள்தான் இருக்கின்றன. வேகத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், இதை எல்லாப் பெற்றோரும் தெரிந்துகொள்வது நல்லது. மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வரும் கார், குறுக்கே ஒரு குழந்தை ஓடுவதைக் கண்டால், காய்ந்த சாலையில் சுமார் 13 மீட்டருக்குள் நின்றுவிடும். 50 கி.மீ. வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் கிட்டத்தட்ட 14 மீட்டர் ஓடிவிடும். ஓட்டுநரின் கால் பிரேக்குக்குப் போகவே அந்த ஒரு நொடி ஆகும். முதல் கார் முழுதாக நின்றுவிட்ட இடத்தில் இரண்டாவது கார் வேகம் குறையத் தொடங்கியிருக்காது. நடப்பவர்களும் வண்டிகளும் கலந்து போகும் தெருக்களில் 30 கி.மீ.தான் உச்ச வேகமாக இருக்க வேண்டும் என்று 2020-இல் ஸ்டாக்ஹோமில் நடந்த உலகச் சாலைப் பாதுகாப்பு மாநாட்டின் பிரகடனம் கேட்டுக்கொண்டது இதனால்தான்.

தெருவில் ஓடும் வண்டிகள் அக்கம்பக்கத்துப் பழக்கத்தையும் பாதிக்கும். 1972-இல் வெளியான ஆய்வு ஒன்றுக்காக டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்ற நகரமைப்பு ஆய்வாளர் சான் பிரான்சிஸ்கோவில் ஏறக்குறைய ஒரே மாதிரியான மூன்று தெருக்களை எடுத்துக்கொண்டார். ஒன்றில் நாளுக்குச் சுமார் 2,000 வண்டிகள், அடுத்ததில் 8,000, மூன்றாவதில் 16,000. வண்டி குறைந்த தெருவில் இருந்தவர்களுக்கு, அதே தெருவில் இருந்த நண்பர்கள், வண்டி மிகுந்த தெருவில் இருந்தவர்களைவிட மூன்று மடங்கு. வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் உங்களுக்கு இது முக்கியம். புது இடத்தில் முதல் வருடம் தனிமை கனக்கும். வாசலில் நின்றால் நான்கு பேர் பேசிவிட்டுப் போகும் தெரு உங்களுக்கு வேண்டும். பள்ளியிலிருந்து மகனுக்குக் காய்ச்சல் என்று போன் வரும், மகள் தூங்கிக்கொண்டிருப்பாள். “ஒரு கால் மணி நேரம் பார்த்துக்கொள்கிறீர்களா” என்று கேட்க எதிர்வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும்.

ஆக என் மனம் மூன்றாவது இடத்தின் பக்கம்தான். நடுவில் பள்ளி, பெரிய சாலைகள் ஓரத்தில், பிள்ளைகள் அவற்றைக் கடக்காமலே நடந்து போகும்படி ஒரு குடியிருப்பு என்ற யோசனையை கிளாரன்ஸ் பெரி என்ற அமெரிக்கத் திட்டமிடலாளர் 1929-லேயே வரைந்து காட்டினார். பழைய புறநகர்கள் பலவற்றில் அந்த அமைப்பை இன்றும் பார்க்கலாம்.

ஆனால் அந்த ஓடையைச் சரிபார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். “நூறு வருடத்துக்கு ஒருமுறைதான் இங்கே வெள்ளம்” என்று யாராவது ஆறுதல் சொல்வார்கள். ஒருமுறை வந்தால் அடுத்த 99 வருடம் நிம்மதி என்று அதற்கு அர்த்தம் இல்லை. ஒவ்வொரு வருடமும் 1 சதவீத வாய்ப்பு என்பதுதான் பொருள். 30 வருடம் அங்கே இருந்தால், ஒருமுறையாவது அந்த வெள்ளத்தைப் பார்க்கும் வாய்ப்பு 26 சதவீதம். ஏறக்குறைய நான்கில் ஒன்று. ஓடையின் மேல்பக்கத்தில் புதுக் கட்டடங்கள் எழுந்து மண் தரை குறைந்துகொண்டே வந்தால், பழைய கணக்கும் செல்லாது.

எனவே உள்ளாட்சியிடம் வெள்ள அபாய வரைபடத்தைக் கேளுங்கள். கேட்டதோடு நிற்காமல், பலத்த மழை பெய்த மறுநாள் காலை அங்கே போங்கள். அக்கம்பக்கத்து மதில்களில் ஒரே மட்டத்தில் ஓடும் கறையைத் தேடுங்கள். மின் மீட்டரை வழக்கத்தைவிட உயரத்தில் ஏற்றி வைத்திருக்கிறார்களா, வாசல்படிகளை உயர்த்திக் கட்டியிருக்கிறார்களா, உள்சுவரில் கீழ்ப்பாதிக்கு மட்டும் புது வண்ணம் அடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். தெருவில் மிக மூத்தவரிடம், “வீட்டுக்குள் தண்ணீர் வந்ததுண்டா?” என்று நேராகக் கேளுங்கள். அப்புறம், வாங்குவதற்கு முன்பே அந்த முகவரிக்கு வெள்ளக் காப்பீடு எவ்வளவு ஆகும் என்று விசாரியுங்கள். காப்பீட்டு நிறுவனம் தயங்கினால் அதுவே பதில். வீட்டுக்குள் ஒருமுறை தண்ணீர் வந்தது என்று உறுதியானால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள். புறநகரையே விட வேண்டியதில்லை. இரண்டு தெரு தள்ளி, மேட்டில் ஒரு வீடு தேடுங்கள். முடிந்தால் முதலில் மழைக்காலத்தையும் சேர்த்து ஆறு மாதம் அங்கே வாடகைக்கு இருங்கள். இரண்டு முறை சாமான் ஏற்றி இறக்கும் அலைச்சல்தான், ஆனால் 20 வருடக் கடனுக்கு முன்னால் அது சின்னது.

பள்ளியைப் பொறுத்தவரை, நடக்கும் தூரத்தில் இருந்தால் மட்டும் போதாது. நடு வருடத்தில் சேர இடம் இருக்கிறதா, அந்த முகவரிக்கு அங்கே சேர உரிமை உண்டா, ஒரு வகுப்பில் எத்தனை பேர், இங்கே முடித்த பிள்ளைகள் மேல் வகுப்புக்கு எங்கே போகிறார்கள் என்பதையெல்லாம் பள்ளியிடமே கேளுங்கள். தரகர் சொல்வது இதில் உதவாது.

இடம் பார்க்க ஞாயிற்றுக்கிழமை மதியம் போகாதீர்கள். அன்றைக்கு எல்லா ஊரும் அமைதியாகத்தான் இருக்கும். ஒரு வேலை நாள் காலையில், பள்ளி தொடங்க அரை மணிக்கு முன் வாசலில் போய் நில்லுங்கள். எத்தனை பிள்ளைகள் நடந்து வருகிறார்கள், எத்தனை பேர் காரிலிருந்து இறங்குகிறார்கள் என்று எண்ணுங்கள். பத்து வயதுப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து, பெரியவர் துணை இல்லாமல் பேசிக்கொண்டே வந்தால், அந்தத் தெருவை அங்கே வாழ்பவர்கள் நம்புகிறார்கள். அன்று மாலை உங்கள் கணவர் அலுவலகத்திலிருந்து நேராக அங்கே ரயிலில் வரட்டும்; முக்கால் மணி என்பது உண்மையா என்று அப்போதுதான் தெரியும். இருட்டிய பிறகு நிலையத்திலிருந்து வீடு வரை நீங்கள் ஒருமுறை நடந்து பாருங்கள். மாமியாரையும் அழைத்துப் போங்கள். நடைபாதை எங்கே உடைந்திருக்கிறது, உட்கார எங்கே இடம் இருக்கிறது என்பது அவர் முழங்காலுக்குத் தெரியும்.

மகன் விஷயம். அவன் நண்பர்களை விட மறுப்பதைப் பிடிவாதம் என்று ஒதுக்காதீர்கள். ஏழு வயதில் அவனுடைய உலகமே அதுதான். போகலாமா வேண்டாமா என்று அவனிடம் கேட்காதீர்கள், அந்த முடிவின் பாரம் அவனுக்கு வேண்டாம். அவன் எடுக்கக்கூடிய முடிவுகளைக் கொடுங்கள்: எந்த அறை, எந்தச் சுவருக்கு என்ன நிறம், முதல் மாதம் எந்த நண்பனை வரச் சொல்வது. ரயில் நிலையம் பக்கத்தில் இருப்பது இங்கேயும் உதவும், பழைய நண்பர்கள் ஒரு பயணத் தூரத்தில்தான் இருப்பார்கள். முடிவு செய்யும் முன் ஒருநாள், புதுப் பள்ளி வாசலிலிருந்து அந்த வீட்டுக்கு வழிகாட்டச் சொல்லுங்கள். ஒருமுறை கூட்டிப் போய்க் காட்டுங்கள், இரண்டாம் முறை அவன் முன்னால் நடக்கட்டும், நீங்கள் பத்தடி பின்னால் வாருங்கள். எந்த முனையில் அவன் நின்று உங்களைத் திரும்பிப் பார்க்கிறான் என்று கவனியுங்கள். அந்த முனையில் வண்டிகள் எவ்வளவு வேகமாக வருகின்றன என்று நின்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.