பெற்றோருக்கு மறதி நோய் வராமல் தடுக்க ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா?

இப்படிக் கேட்கிறீர்கள் என்றால், வீட்டில் ஒருவருக்கு வந்த மறதி நோயை அருகிலிருந்து பார்த்து, அது அடுத்தவருக்கும் வந்துவிடுமோ என்ற பயத்தில் மருந்துக்கடை வாசல் வரை போய்விட்டீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். நானும் அப்படிப் போனவன்தான்.

நாங்கள் தண்டையார்பேட்டையில் வசிக்கிறோம். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான்கு ஆண்டுகளுக்கு முன், ஆயுள் முழுக்க நடந்து பழகிய எம்.சி. ரோட்டில், துணிக்கடை ஒன்றின் வாசலில் வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றுவிட்டார். அன்றிரவு விடிய விடியப் படித்தேன். உடல் எடையில் சுமார் 2 சதவீதமே உள்ள மூளை, நாம் இழுக்கும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதத்தைச் செலவழிக்கிறது. அப்போது செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் உருவாகும் ஃப்ரீ ராடிக்கல்கள் எனும் நிலையற்ற மூலக்கூறுகள், எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும் கொழுப்பு நிறைந்த நரம்பணுச் சவ்வுகளைச் சிதைக்கின்றன. இது உண்மைதான். அப்படியானால் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் ஆன்டிஆக்சிடன்டான வைட்டமின் ஈ நோயையும் தடுக்கும் என்று நானாக முடிவுகட்டி, 400 யூனிட் காப்ஸ்யூலைத் தினம் இரண்டு வீதம் கொடுத்தேன்.

இதய வால்வு அறுவை சிகிச்சைக்குப் பின் அப்பா, இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிட்டு வந்தார். வைட்டமின்தானே என்று மருத்துவரிடம் சொல்லவில்லை. மூன்றாவது வாரம் அவருக்கு மூக்கிலிருந்து இரத்தம் கொட்டியது, இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு எகிறியிருந்தது. அதிக அளவு வைட்டமின் ஈ, வார்ஃபரினின் வீரியத்தைக் கூட்டக்கூடும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். பட்டை பட்டையாக எடுத்துக் கொடுத்த கடைக்காரர், வேறென்ன மருந்து சாப்பிடுகிறார் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சில்லறை இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். தவறு என்னுடையதுதான், மறுக்கவில்லை. ஆனாலும் அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

மருத்துவமனையில் பரிசோதித்தபோது அப்பாவுக்குக் குறைந்திருந்தது வேறொரு வைட்டமின்: பி12. சர்க்கரைக்குப் பல ஆண்டுகள் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு அது குறைவதுண்டு. அந்தக் குறைவே மறதியை உண்டாக்கலாம். ஊசி போட்ட சில மாதங்களில் ஓரளவு தெளிந்தார். காதும் மந்தமாகியிருந்தது, நாங்கள் மறதி என்று நினைத்ததில் பாதி, அவர் காதில் விழாமலே போனவை.

ஒருவர் அனுபவத்தை வைத்துப் பொதுவாகப் பேசாதே என்று சிலர் வருவார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். 7,540 முதியவர்களுக்கு வைட்டமின் ஈ, செலினியம் என்ற தாது ஆகியவற்றைக் கொடுத்துப் பார்த்து 2017-இல் வெளியான ஆய்வில், மறதி நோய் தடுக்கப்படவில்லை. 2014-இல் வெளியான, 613 பேர் பங்கேற்ற ஆய்வைச் சிலர் காட்டுவார்கள். அதில் தினம் 2,000 யூனிட் வைட்டமின் ஈ எடுத்தவர்களின் அன்றாடச் செயல்திறன் சற்று மெதுவாகச் சரிந்தது மெய்தான். ஆனால் அவர்கள் ஏற்கெனவே அல்சைமர் என்ற மறதி நோய் வந்தவர்கள், மருத்துவக் கண்காணிப்பில் இருந்தவர்கள். நோய் வராமல் தடுப்பதற்கு அது சான்றாகாது. மேலும், ஃப்ரீ ராடிக்கல்கள் முழுக்க எதிரிகள் அல்ல. கிருமிகளைக் கொல்ல நம் வெள்ளணுக்களே அவற்றை உற்பத்தி செய்கின்றன.

முருங்கைக்கீரையும் நெல்லிக்காயும் உணவாகவே இருக்கட்டும், யாரும் தடுக்கவில்லை. மாத்திரைக்கு வைத்திருக்கும் பணத்தில் முதலில் இரத்த அழுத்தம், சர்க்கரை, பி12, தைராய்டு, காது ஆகியவற்றைப் பரிசோதித்துவிடுங்கள். உங்கள் பெற்றோர் ஏற்கெனவே என்னென்ன மருந்துகள் சாப்பிடுகிறார்கள் என்பதை நீங்கள் கேள்வியில் எழுதவில்லை. அந்த மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.